எங்கள் மொட்டைமாடிக்குக் கீழே

மார்ச் 3, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் மாடிக்கு ஏறினேன். இறங்கும்போது மணி பதினொன்றரை. கோடைக்கான வெள்ளைப் பூச்சு இந்த வருஷமும் நானேதான் அடித்தேன், இரண்டு கோட். கூட உதவுகிறேன் என்று வந்த என் வீட்டுக்காரர் ஜெரோம் கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காட்டாங்குளத்தூர் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற மனுஷன். இருபதடி உயரம் தாங்கவில்லை.

வேலை முடிந்த நேரம் ஒரு விமானம் தாழ்வாக இறங்கிப் போனது. பொழிச்சலூரில் இத்தனை மாடிகளுக்கு நடுவே எங்கள் மாடி மட்டும் உப்பு கொட்டி வைத்த மாதிரி இருக்கும். மேலேயிருந்து யாராவது பார்த்திருப்பார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதலாம்.

மார்ச் 10

மாடி போர்ஷனில் குடியிருக்கும் அஜீசாவுக்குக் குழந்தைத் துணி காயப்போட இடம் போதவில்லை. சாஹிராவுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது, துணி மூட்டை மூட்டையாக வருகிறது. நான் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் மெக்கானிக்கிடம் டிரில் மெஷின் வாங்கி வந்து, மொட்டைமாடியில் இரண்டு இரும்புக் கம்பம் நானே நட்டேன். கம்பத்துக்கு நாலு போல்ட். சுற்றி வெள்ளை சிமென்ட் வைத்துப் பூசியாயிற்று. கொத்தனார் எதற்கு?

அஜீசா, "அக்கா, நீங்க எங்க அக்கா இத கத்துக்கினீங்க?" என்றாள். அவள் புருஷன் ஷாகுல் தாம்பரத்தில் மொபைல் கவர் கடை வைத்திருக்கிறான். அவன் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

மே 18

சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். மழைநீர்க் குழாய் வாய் இரண்டும் சுத்தம். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கனகவல்லி அவள் வீட்டு ஹாலில் பக்கெட் வைத்தாளாம். "வருஷத்துக்கு ரெண்டு தடவ மாடி ஏறிப் பாத்தா பக்கெட்டே வேணாம்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. உண்மையைத்தானே சொன்னேன்?

ஜூலை 9

அஜீசா வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"அக்கா, பெட்ரூம் சீலிங்ல லேசா ஈரம் மாதிரி தெரியுது."

"ஏசி தண்ணியா இருக்கும்."

"ஏசி அந்தப் பக்கம் இருக்கு அக்கா. ஈரம் இந்தப் பக்கம்."

"பைப்பு எப்படிப் போகுதுன்னு உனக்குத் தெரியுமா? ஆளக் கூப்ட்டுப் பாருங்க."

பதினாறு வருஷமாக இந்த மாடியைப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளம் வந்த வருஷங்களில்கூட மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்கியதில்லை.

ஜூலை 14

ஏசிக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஏசியில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஷாகுல் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். கொசுவுக்குப் பயந்து எப்போதும் ஜன்னலைச் சாத்தி வைக்கிறீர்கள், வெந்நீர் ஆவிதான் மேலே போய்ப் படிகிறது என்றேன். "சரிக்கா" என்று போய்விட்டான்.

மேலே போய்ப் பார்த்தேன். கறைக்கு நேர் மேலே மாடித் தளத்து ஓடு நன்றாகத்தான் இருக்கிறது. கீறல்கூட இல்லை.

ஆகஸ்ட் 11

அவர்கள் படுக்கையறைக் கூரையின் உள்பக்கம் நானே பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. எந்த வீட்டு ஓனர் இப்படிச் செய்வார்? ஜெரோமிடம் கேட்டேன். "எவனும் செய்யமாட்டான்" என்றார். பாராட்டினாரா, வேறு ஏதாவது சொன்னாரா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 25

கறை மறுபடியும் தெரிகிறதாம். மட்டமான பெயின்ட்.

செப்டம்பர் 5

எழுதினால்தான் மனசு அடங்கும்.

மதியம் மூன்று மணி. மேலே தடால் என்று சத்தம். அலமாரிதான் விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். அஜீசா ஹாலில் குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படுக்கையறையைக் கை காட்டினாள்.

கட்டில்மேல் சிமென்ட் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடக்கிறது. தாம்பாளம் அளவு இரண்டு துண்டு, மற்றது தூள். நடுவில் சின்னத் தலையணை. குழந்தைக்குப் பசி, அழுதது, இப்போதுதான் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாளாம். இப்போதுதான். அஞ்சு நிமிஷம்கூட ஆகலையாம். அழலன்னா? தூங்கிட்டே இருந்திருந்தா?

மாதாவே. நான் அடிச்ச பெயின்ட் அந்தத் துண்டுல அப்படியே வெள்ளையா ஒட்டிக்கினு இருக்கு.

செப்டம்பர் 6

ஷாகுல் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கடையைத் திறக்காமல் காலையிலேயே இறங்கி வந்தான்.

"அக்கா, மாசக் கடைசில காலி பண்ணிடறோம்."

"நான் ரிப்பேர் பண்றேன் ஷாகுல்."

"ரெண்டு மாசமா சொன்னோம். நாங்க பொய் சொல்றோம்னு நெனச்சீங்க இல்ல?"

எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

பிறகு சொன்னேன்: "வேற வீடு கிடைக்கிற வரைக்கும் நீங்க கீழ எங்க வீட்ல இருங்க. நாங்க மேல போறோம். அந்த ரூமுக்கு அடியில படுக்கணும்னா நான்தான் படுக்கணும்."

மத்தியானமே சாமான்களை மாற்றிவிட்டோம். ஜெரோம் கட்டிலைத் தூக்கிக்கொண்டே, "நீ படுக்கறது சரி. நான் இன்னாடி பண்ணேன்?" என்றார். ஆனாலும் படிக்கட்டில் நாலு தடவை ஏறி இறங்கினார். இடிந்த இடத்துக்குக் கீழே என் பக்கம், சுவர் ஓரம் அவர் பக்கம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கதிரேசன் மேஸ்திரி வந்தார். சுத்தியல் காம்பால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். டக் டக் என்று கேட்டுக்கொண்டே வந்த சத்தம், துணிக் கம்பத்துக்குக் கிட்டே போனதும் பொத் பொத் என்று மாறியது. இரண்டு ஓடுகளைப் பெயர்த்தார். கீழே சேறு.

"இன்னா மேடம், உள்ள தண்ணி நின்னுகினு கீது. எவன் இந்தக் கம்பம் நட்டவன்? அடித் தளம் வரைக்கும் ஓட்ட போட்டு வச்சிக்கிறான், அறிவு கெட்டவன்."

"கறை அங்க இல்லையே. ஆறடி தள்ளி இருக்கே."

"தண்ணி எறங்குற எடம் வேற, சொட்டுற எடம் வேற மேடம். சரிவு பாத்துப் போவும்."

ஜெரோம் படிக்கட்டு மறைவில் நின்று என்னையே பார்த்தார். மேஸ்திரிக்குத் தெரியாது. முன்பு வீடு கட்டிய ஆள் மேல் பழி போட்டிருக்கலாம். கேபிள்காரன் மேல் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான்தான் மேஸ்திரி நட்டேன்" என்றேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "நேரா நட்டுக்கிறீங்க மேடம்" என்றார், பாவம்.

உடனே கீழே போய், நான் நட்ட கம்பத்தால்தான் தண்ணீர் இறங்கியது என்று அஜீசாவிடமும் சொன்னேன். தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று தெரியும். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "எங்க துணிக்குத்தானேக்கா நட்டீங்க" என்றாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 14

அந்தப் பாதி மாடியின் ஓடுகளை முழுக்கப் பெயர்த்தாயிற்று. மேஸ்திரியும் இரண்டு ஆட்களும். தினமும் காலை ஏழு முதல் ஒன்பது வரை நானும் மேலே. தளம் நன்றாகக் காய வேண்டும், ஈரத்தோடு மூடினால் போட்ட வேலை எல்லாம் வீண் என்றார். வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

செப்டம்பர் 17

மூன்று மணிக்குக் கருத்துக்கொண்டு வந்தது. பம்மலில் ஒரு பெண்ணுக்கு எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு வண்டியை முறுக்கினேன். வந்து பார்த்தால் தார்ப்பாயை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தாயிற்று. வைத்தது ஷாகுலும் அஜீசாவும். காலி பண்ணப் போகிறவர்கள்.

செப்டம்பர் 28

கம்பம் நட்ட எட்டு ஓட்டையையும் சுத்தம் செய்து, கலவை ஊற்றி அடைத்தோம். தளத்துக்கு இரண்டு கோட் நீர்க்காப்புப் பூச்சு. புது ஓடு பதித்து, சந்து சந்தாகக் கலவை. சுவரும் தளமும் சேரும் மூலையில் மேஸ்திரி வளைவு போட்டுக்கொண்டிருந்தார், நான் கேட்டு வாங்கி ஒரு பக்கம் போட்டேன். "என்னுது எது, உங்களுது எதுன்னு தெரியல" என்றார். இரண்டு முறை நடந்து பார்த்தேன். எனக்குத் தெரிகிறது. என்னுடையது கொஞ்சம் அழகு.

அறைக் கூரையின் உள்பக்கமும் புதுப் பூச்சு. பெயின்ட் அடிக்கவில்லை. ஈரம் வந்தால் தெரியட்டும்.

அக்டோபர் 3

குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, மாடி முழுக்க நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினோம். நாற்பத்தெட்டு மணி நேரம். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி இருந்தேன்.

அதற்குக் கீழே, அந்தப் படுக்கையறையில் அஜீசா பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டாள். கையில் செல்போன் டார்ச். பூச்சு பெயர்ந்த இடத்தைச் சுற்றி முன்பே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். நான் கேட்கும்போதெல்லாம் கத்துவாள்.

"இன்னும் இல்லக்கா!"

இன்று காலை தண்ணீரைத் திறந்துவிட்டோம். பென்சில் கோட்டுக்குள் கையை வைத்துத் தேய்த்துக் காட்டினாள். காய்ந்த சிமென்ட் தூள். "சாமானெல்லாம் மேல கொண்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். ஷாகுல் பார்த்து வைத்திருந்த பல்லாவரம் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜெரோம்தான் முதல் பாத்திரத்தைத் தூக்கினார். கீழே போக அவருக்கு அவ்வளவு அவசரம்.

அக்டோபர் 16

இரண்டு நாளாக விடவே இல்லை. நேற்று மதியம் தெருத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டது. நானும் ஜெரோமும் அரிசிப் பையையும் சான்றிதழ் ஃபைலையும் அலமாரி மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். படிக்கட்டில் ஷாகுல்.

"அக்கா, இன்னும் இன்னா யோசிக்கிறீங்க? மேல வாங்க. அஜீசா பாய் போட்டாச்சு."

அந்தப் படுக்கையறையில்தான் பாய் போட்டிருந்தாள். அவர்கள் மூன்று பேரும் அதே அறையில். மேலே மழை யாரோ கல்லை வாரி வாரிப் போடுவது போல. நான் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் மடியில் தவழ்ந்து ஏறியது, மூக்கைப் பிடித்து இழுத்தது. பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

இரண்டு தடவை குடையோடு மாடி ஏறிக் குழாய் வாயில் அடைத்த இலைகளை எடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை அஜீசா துண்டோடு நின்றாள். "உக்காருங்கக்கா, ஒழுகல. நான் சொல்றேன்ல" என்றாள். அவள் வைத்த சூடான கிச்சடியைச் சாப்பிட்டுவிட்டு, பகலிலேயே தூங்கிப்போனேன். அந்தக் கூரைக்குக் கீழே ஐந்து பேர். கீழே என் சோபா நனைந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெருமையாக நான் எப்போதும் தூங்கியதில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கனகவல்லி கூப்பிட்டாள். "ரோஸி, எங்க மாடியக் கொஞ்சம் பாக்கிறியா? ஒனக்குத்தான் தெரியும்." உள்ளுக்குள் பூரித்தேன், மறைக்கவில்லை. சுத்தியலோடு போனேன்.

படி ஏறும்போது மாடி அறைக் கதவு திறந்திருந்தது. பொத்தேரியில் வேலை பார்க்கும் சினேகா என்கிற பெண் வாடகைக்கு இருக்கிறாள். "முதல்ல இவ ரூம் சீலிங்க பாக்கணும்" என்றேன். கனகவல்லி, "அங்க ஒண்ணும் இல்ல, அவ ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தால் மூலையில் கறை, கூடை அளவு.

"எத்தன நாளா?"

அந்தப் பெண் கனகவல்லியைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "ஜூன்ல இருந்து ஆன்ட்டி. சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு..." என்றாள்.

கனகவல்லி மாடியில் ஓடு தட்டினேன், கீறல் இரண்டு கண்டுபிடித்தேன், மேஸ்திரி நம்பர் கொடுத்தேன். எல்லாம் செய்தேன். மனசு அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து அஜீசாவைக் கேட்டேன். நீ முதலில் எப்போது பார்த்தாய்?

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "மே மாசம் அந்த ஒரு நாள் மழை பெஞ்சுதே, அப்பவே."

"ஜூலைலதானே வந்து சொன்னே?"

"பயமா இருந்துச்சுக்கா."

"மழைக்கா?"

சிரித்தாள். சோற்றுக் கையால் என்னைக் காட்டினாள்.

நவம்பர் 11

பதினாறு வருஷம் ஒழுகவில்லை என்றேனே. ஒழுகவில்லையா, யாரும் சொல்லவில்லையா? ஷாகுலுக்கு முன்னால் அங்கே குடியிருந்த இரண்டு குடும்பங்கள்?

நவம்பர் 30

புயல் மழை. காலையிலிருந்து மூன்று தடவை மேலே போனேன். மாடிக்கு இல்லை, அஜீசா வீட்டுக்கு. அறை அறையாக இருவரும் அண்ணாந்து பார்த்தோம். எல்லாம் காய்ந்த கூரை.

ஜனவரி 5, ஞாயிறு

மழைக்கு மாடியில் படிந்த பாசி சுரண்டும் வேலைக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று காபியோடு உட்கார்ந்தேன். முதல் வாய்கூடக் குடிக்கவில்லை.

"ரோஸியக்கா! பாத்ரூம் ஜன்னல் மேல ஈரம் வந்துகினு இருக்கு! என்னக்கா பண்றீங்க கீழ? சீக்கிரம் வாங்க!"

படிக்கட்டின் உச்சியில், இடுப்பில் குழந்தையோடு நின்று கத்துகிறாள். அதட்டல் வேறு. ஜூலையில் வாசலைத் தாண்டாமல் நின்றவள். கனகவல்லி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தெருவில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

ஜெரோம் பேப்பரை இறக்கி என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். அவள் சொன்னது சரிதான். குழாய் இணைப்பில் கசிவு. பத்து மணிக்குள் சரியாகிவிட்டது.