முழங்காலுக்குத் தேய்த்த கஞ்சா ரம்

அன்புள்ள லெபர்ட்டுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா?

கனடாவில் கஞ்சா கடையிலேயே விற்கிறார்கள். ஆனால் எங்கள் ஆப்பிள் பொதியும் கொட்டகையில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர்கள் அதைத் தொடக்கூடாது. போன வாரம் தாள் கொடுத்து, பயன்படுத்துவதுண்டா என்று கேட்டார்கள்.

"இல்லைன்னு எழுதிட்டுப் போயேன் அக்கா," என்றாள் கூட வேலை செய்யும் மெர்ட்டில். பொய் எழுதக் கை வரவில்லை. நம் ஜமைக்கா வழக்கப்படி கஞ்சாவை ரம்மில் ஊறவைத்து முழங்கால் வலிக்குத் தேய்க்கிறேன் என்று, எந்த நாள் எத்தனை மூடி என்பதோடு எழுதிக் கொடுத்தேன்.

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "குடிக்கலையே?"

"நான் ஞானஸ்நானம் வாங்கினவ ஐயா."

இருந்தும் சிறுநீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை நாலு நாள் தரை கூட்ட விட்டார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கொஞ்சம் பயந்தேன்.

"உன் ரூம்ல உன் காலுக்குத் தேய்ச்சதுக்கு எப்படி அனுப்புவாங்க? நமக்கும் உரிமை இருக்கு," என்றாள் மெர்ட்டில். முடிவு சுத்தம் என்றே வந்தது. நேற்றிலிருந்து மறுபடி பெல்ட்டில் நிற்கிறேன்.

முழங்காலில் சுற்ற உங்கள் பழைய ஃபிளானல் சட்டை ஒன்றை அனுப்புங்கள். ரம் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. முழங்காலுக்கு என் கையே போதும், முதுகுக்குத்தான் எட்டவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் இசில்டா