தஞ்சாவூருக்கே வந்துவிடு

அன்புள்ள அக்கா மகளுக்கு,

பிள்ளைகளை வளர்க்க மெட்ராசா, தஞ்சாவூரா என்று கேட்டிருந்தாய். தஞ்சாவூர்தான். இங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார்களே என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள்.

உன் நிலத்தைக் குத்தகைக்கு உழும் இளையபெருமாள் போன வாரம், "சின்னம்மா எந்த ஊர்ல குடியிருக்கப் போறாங்க?" என்று கேட்டான். குத்தகைக்காரனுக்கு எதற்கு இந்த விசாரிப்பு? அப்போதே எனக்குச் சந்தேகம். நீ மெட்ராசில் மாடிவீடு வாங்கிவிட்டாய், இனி இந்தப் பக்கமே திரும்பமாட்டாய் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே தாலுகா ஆபீசில், நிலம் தன் சாகுபடி என்று பதிய மனுக் கொடுத்துவிட்டான். பதிந்துவிட்டால் அவனை அசைக்க முடியாதாம். யார் தூண்டிவிட்டார்களோ தெரியவில்லை.

புதன்கிழமை விசாரணை. பிள்ளைகளோடு வந்து, தஞ்சாவூரில் குடியிருந்து நானே பயிர்செய்வேன் என்று சொல். என்னை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதே.

உன் தாய்மாமன்