ஒன்பதாயிரம் கேம் உள்ள கேசட்

எதையும் லேசில் மெச்சாத என் நாயகத்துக்கு,

நேற்று உனக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோதுகூட "அந்தக் கேம் வந்துட்டா லே?" என்று கேட்டாயே, அது வந்துவிட்டது. ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி, சென்னையிலிருந்து சிடி தருவித்திருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

தச்சநல்லூர் பழைய பேப்பர் கடையில், எடைக்கு வந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் புரட்டி நாம் கண்டுபிடித்த கேம். வரப்போகிறது என்று ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டிருந்தான். ஒரு விண்கலம், ஒற்றை ஆள், எந்தக் கிரகத்திலும் இறங்கலாம், கையில் துப்பாக்கி கிடையாது. "இதுதாம்லே கற்பனை" என்றாய். உன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது கேள். இறங்கின முதல் கிரகத்திலேயே துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடுகிறான். பச்சையாகப் பல்லி மாதிரி ஏதோ வருகிறது, சுட வேண்டியது. அடுத்தது வருகிறது, அதையும் சுட வேண்டியது. பல்லி அடிக்க எதற்குலே விண்கலம்? வாரப் பத்திரிகை விஞ்ஞானக் கதைகளில் செவ்வாய்க்குப் போனவனும் மாமியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பானே, அதை எழுதுகிற கூட்டம்தான் இதையும் செய்திருக்க வேண்டும். அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டு, "கிராபிக்ஸப் பாத்தீராவே, நேர்ல பாக்க மாதிரில்லா இருக்கு" என்று பூரிக்கிறார். பல்லியை நேரில் பார்க்க நான் எதற்கு அவர் கடைக்குப் போக வேண்டும்?

ஏசலாம் என்று வாயெடுத்துப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். எவனோ ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நீ இல்லாமல் ஏசுவதில் ஒரு ருசியும் இல்லை நாயகம். அது அப்போதுதான் உறைத்தது.

அது கிடக்கட்டும். நேற்று நடந்தது அதைவிடக் கேவலம். உனக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்திருந்தார்கள். சுசியம், வடை, புதுச்சட்டை எல்லாம் சரி. இலையின் நடுவில் ஒரு டிவி கேம் கேசட். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கேம் என்று அட்டையில் போட்டிருக்குமே, அதே சனியன். உள்ளே இருப்பது நாலைந்து, அதையே நிறம் மாற்றித் திரும்பத் திரும்பக் காட்டுகிற ஏமாற்று வேலை. அது இருக்கிற வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கப்படாது என்று ஊரெல்லாம் சொன்னவன் நீ. உன் இலையில் அது. உன் அத்தான் வேறு, "மச்சினனுக்கு இதுன்னா உசிருல்லா" என்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்?

நேரே போய் அதை எடுக்கக் குனிந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இருக்கட்டும்யா. நாந்தான் வாங்கிட்டு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் எந்நேரமும் கேமு கேமுன்னுதான பேசிக்கிடுவிய. இருக்கதுலயே நெறைய கேம் உள்ளதாக் குடுங்கன்னு கடையில கேட்டேன். அங்கன அவனுக்குப் பொழுது போவணும்லா."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "அவனுக்குப் புடிச்சதுதான?" என்றார்கள்.

"ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தாம்மா" என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? அப்புறம் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். தண்ணீரும் குடித்தேன்.

இனி வரப்போகிற கேம், கதை எல்லாவற்றையும் உன் பங்குக்கும் சேர்த்து நானே ஏசிக்கொள்கிறேன். அதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஆனால் வருஷத் திதிக்கும் அந்தக் கேசட்டை நானே துடைத்து உன் இலையில் வைப்பேன். மூஞ்சியைச் சுளிக்காமல் விளையாடுலே. அம்மா வாங்கித் தந்தது.

உன் அம்மாவுக்கு நேற்றிலிருந்து இன்னொரு பிள்ளை,
சிவா