நைனா சுமதியிடம் பேசினார்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், இரவு.

கூடப் படித்த சுமதி, மலையில் மொட்டை போட்டுக்கொண்டு தலையில் சந்தனத்தோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராணுவ மருத்துவமனையில் மனநல மருத்துவர் வேலை கிடைத்ததற்கு வேண்டுதலாம். அதே நேர்காணலுக்கு நானும்தான் போனேன். மொட்டை அவளுக்கு அழகாக வேறு இருந்தது.

நைனா பட்டாளத்தில் இருந்தவர். தூக்கத்தில் அலறுவார். அவருக்காகத்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். கேட்டால், "ஒண்ணுமில்லமா, ஏதோ கெனா" என்பார்.

இன்று அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ இனிமே மிலிட்டரி ஆளும்மா. உன்னாண்ட சொல்லலாம்" என்றார். என்னைக் காபி போடச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். காபி ஆறிய பிறகுதான் கதவு திறந்தது. நைனாவின் கண்கள் சிவந்திருந்தன.

பள்ளிப்பட்டு பஸ்ஸில் அவளை ஏற்றிவிடும்போது, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அப்பா சொன்னத மட்டும் கேக்காதடி. டாக்டர் வெளிய சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாததா?"

தெரியும். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

உள்ளே நைனா நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். ஒரு தடவையாவது அலற மாட்டாரா என்று உட்கார்ந்திருக்கிறேன்.