எல்லாரும் இறங்குங்கோ

அப்பா,

இன்று காலை கிளினிக்கில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. குவித்த கை முதுகில் விழுகிற டொப், டொப். யாரோ ஒரு குழந்தைக்குச் சளி எடுக்கிறார்கள். என் பெயரைக் கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை.

பிறந்ததிலிருந்தே நுரையீரலில் சளி தேங்கும் வருத்தம் எனக்கு. தினமும் தட்டி எடுக்காவிட்டால் மூச்சு அடைக்கும். ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் அம்மாவுக்கும் தட்டச் சொல்லித்தந்தார்கள். அம்மாவுக்குப் பயம், என் முதுகில் கை வைக்கவே மாட்டார். நீங்கள்தான் வேலைக்குப் போகுமுன் கொண்டக்டர் பையைக் கதிரையில் மாட்டிவிட்டு, தலையணைகளை அடுக்கி, தலை கீழே இருக்க என்னைக் கிடத்துவீர்கள். இடப்பக்கம் சரிந்தால் ஓர்ஸ் ஹில். வலப்பக்கம் சீனன்குடா. குப்புறக் கிடந்தால் கிண்ணியாத் துறையடி. உங்கள் பஸ் ஓடுகிற பாதை முழுவதும் என் முதுகில் இருந்தது.

சளி அசையாவிட்டால் உங்கள் குரல் மாறும்.

"செக்கிங்! எல்லாரும் இறங்குங்கோ! மூலையில ஒளிச்சிருக்கிற ஐயா, நீங்களும்தான்!"

எனக்குச் சிரிப்பு வரும், சிரிப்பில் இருமல் வரும், அதோடு சளியும் வரும்.

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, உங்களுக்குப் பகிடி" என்று அம்மா குசினியிலிருந்து ஏசுவார்.

"பகிடிக்குத்தானப்பா இறங்குது" என்பீர்கள்.

ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்காத நாளே இல்லாத காலம் அது. ஊரே பயந்த அந்தச் சொல்லை எனக்கு மட்டும் விளையாட்டாக்கித் தந்தீர்கள்.

பிறகு ஒருநாள் பின்னேரம் பஸ் வந்தது, நீங்கள் வரவில்லை. வழியில் மறித்தார்களாம். எல்லோரும் இறங்கினார்களாம். உங்களைத் தவிர எல்லோரும் திரும்ப ஏறினார்களாம். டிரைவர் மாமா உங்கள் பையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, "அப்பா வரட்டும்" என்று நான் படுக்க மறுத்துவிட்டேன். மத்தியானம் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. அம்மா தலையணைகளை அடுக்கினார். கையைக் குவித்துத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. என் உதடு நீலமாகிவிட்டதாம். அம்மா அழுதுகொண்டே கத்தினார்: "செக்கிங்... எல்லாரும் இறங்குங்கோ!" எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுகையோடு சளி வந்தது.

இப்போது ஊதுவதற்கு ஒரு சின்னக் கருவி தந்திருக்கிறார்கள். தட்ட ஆள் தேவையில்லை. ஆனாலும் காலையில் சரிந்து படுக்கும்போது ஓர்ஸ் ஹில், சீனன்குடா, துறையடி என்று வாய் தானாகச் சொல்லும். கடைசி இருமலோடு நெஞ்சு லேசாகி, நல்ல மூச்சு ஒன்று உள்ளே போகும். அந்த நேரம்தான் மனம் உங்களைத் தேடும், அப்பா.

எல்லாரும் இறங்கிட்டினம். இடம் கிடக்கு. ஏறுங்கோ.