பெயர் எழுதாத தொட்டி

மாமு,

இன்று காலை கொட்டகையில் நம் வண்டியின் தொட்டிக்குள் குழாயை விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். துரு கலந்த ஈர வாசனை குப்பென்று மேலே வந்தது. குழாயை நழுவ விட்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்த வாசனை வந்தால் மட்டும் நீ இன்னும் ராயபுரம் யார்டில், கிரேனுக்குக் கீழே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

விம்கோ நகர் பக்கம் நம் கம்பெனியில் அந்தத் தீயணைப்பு வண்டியை நீ ஓட்டினாய், நான் பம்பு பார்த்தேன். நீ எனக்கு மாமு, நான் உனக்கு மாமு. கம்பெனியை மூடியபோது அதைக் கொழும்புக்கு விற்றுவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து, சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் உன் மச்சான் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினான். உடைப்பதற்காக வரிசையில் நின்ற வண்டிகளுக்கு நடுவே சிவப்பாய் ஒன்று. இடது கதவின் பள்ளத்தைப் பார்த்ததுமே நீ சொன்னாய்: "இது நான் கம்பெனி கேட்டுல இடிச்சது. நம்ம வண்டி மாமு, இட்டுகினு வந்துரலாம்."

எனக்கு அப்போதே பயம்தான். எலி ஓடினாலும் நான் சைரன் அடிப்பேன் என்று நீ எப்போதும் கேலி செய்வாய். ஆனாலும் உன் பின்னாலேயே வந்தேன். பழைய ஆட்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, திருவொற்றியூரில் கொட்டகை போட்டுக் காட்சிக்கு வைப்போம் என்று எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் அலைந்து அதைக் கப்பலேற்ற வைத்தோம்.

வந்த வண்டி சுங்கத் தாளுக்காக ராயபுரம் சரக்கு யார்டிலேயே கிடந்தது. குறித்த நாளில் எடுக்காவிட்டால் அங்கேயே வெட்டி இரும்பாக்கிவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லிக்கொண்டே இருந்தார். எடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் தனியாகப் பார்க்கப் போனேன். தொட்டியைத் தட்டினேன், காலி. நம் வண்டி காலித் தொட்டியோடு நிற்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? ஒருமுறை அப்படி நின்ற நாளில்தான் குடோன் எரிந்தது, நாம் வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். யார்டுக் குழாயைப் போட்டு விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். நிரப்பியவன் தொட்டியின் மேல் சாக்பீஸால் 'ஃபுல்' என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுத வேண்டும். அதுவும் நம் வழக்கம்தான். கையில் சாக்பீஸ் இல்லை. உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன், மறந்தும் போனேன்.

மறுநாள் பெல்ட் கட்டி, டிரெய்லரில் ஏற்றுவதற்காகக் கிரேன் தூக்கியது. வண்டி ஆடாமலிருக்கக் கட்டிய கயிற்றை நீ கீழே நின்று பிடித்துக்கொண்டாய். அவர்கள் தாளில் இருந்தது காலி வண்டியின் எடை. ஆளுயரம் எழும்பியதும் பின்பக்கம் சரிந்தது. மூடியிடுக்கு வழியாகத் தண்ணீர் உன் தலையில் கொட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள், கெடு தப்பி வண்டி போய்விடுமே என்று ஒரு பயம், கீழே நீ நிற்கிறாயே என்று ஒரு பயம். எது பெரிசு என்று நான் யோசித்தேன் மாமு. ஒரு நொடிதான் இருக்கும். ஆனால் யோசித்தேன்.

நீ கயிற்றை விடாமல் மற்றக் கையைத் தூக்கி, "டேங்க்ல தண்ணி கீது, எறக்கு" என்றாய். மெதுவாக இறக்கினார்கள். பின்பக்கத்துப் பெல்ட் பாதி கிழிந்திருந்தது. எந்த முட்டாள் தண்ணீர் ஊற்றியது என்று சூப்பர்வைசர் குதித்தார். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் ரொப்பினேன் சார், பழக்கதோசம்" என்றாய். உன் வயதுக்குக் கேட்கக் கூடாத பேச்செல்லாம் கேட்டாய், மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தாய். நான் வடிகால் குழாயைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். தண்ணீர் வடிந்த பிறகு வண்டியை விட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில், "நாளைக்கு ஒரு சாக்பீஸ் வாங்கி வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு நடந்தாய். உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நான் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உனக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன், நீ பேசும் நிலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். வண்டி தண்ணீர் பீய்ச்சிக் காட்ட வேண்டுமாம், அதற்குத்தான் நிரப்பச் சொன்னார்கள். அன்று வடித்த தொட்டியை அதற்குப் பிறகு நான் நிரப்பியதே இல்லை. கீழே விழுந்த குழாயை எடுத்து மறுபடியும் விட்டேன். தொட்டி நிறைகிற வரை யாரையும் வண்டிக்குப் பக்கத்தில் விடவில்லை. பயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நிறைந்ததும் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து 'ஃபுல்' என்று எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். நீ சொன்ன மறுநாளே வாங்கிய சாக்பீஸ்தான். இன்றைக்குத்தான் அதன் முனை தேய்ந்தது.