பூட்டுக்கு மேலே நீ எழுதிய குறிப்பு

உன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்று என் மேசைக்கு வந்துவிட்டது. ஆவூரிலிருந்து உன் அம்மா கொண்டுவந்தார், உன் லேப்டாப்போடு. சுவிட்சைச் சுற்றி நீ ஒட்டிய சிவப்பு டேப் பிசுபிசுக்கிறது. சோதனைக் கணினியை அதில் மாட்டியதும் தூசி சூடாகும் வாசனை. கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் நாம் இருவரும் வேலை பார்த்த இந்த அறைக்கு எப்போதும் அந்த வாசனைதான்.

"நீயே வச்சுக்கம்மா. அங்கிட்டு சும்மாதான் கெடக்குது" என்றார்.

முன்பு ஒருமுறை அவர் இங்கே வந்தபோது, நாம் அதே பாக்ஸைப் பிடுங்குவதும் மாட்டுவதுமாக இருந்தோம்.

"அப்படி என்னதான்டி வேல இது? கரண்ட புடுங்கிப் புடுங்கி மாட்டுறீங்க?"

நீ முறுக்கை மென்றபடி சொன்னாய்: "கம்ப்யூட்டரு எதையும் மாத்துறதுக்கு முன்னாடி, என்ன மாத்தப் போறேன்னு ஒரு நோட்டுல எழுதிக்கிரும்மா. அந்த நோட்டுக்குப் பேருதான் ஜர்னல். நடுவுல கரண்டு போச்சுன்னா, வந்ததும் அதப் பாத்து எல்லாத்தையும் சரி பண்ணிக்கிரும். பண்ணுதான்னு நாங்க பாக்குறோம்."

"அதுக்கு ரெண்டு பேரு வேணுமாக்கும்?"

"ஒருத்தி புடுங்க. ஒருத்தி திட்ட."

அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான்கு மாத வேலையை நீ நான்கு வரியில் சொல்லிவிட்டாய் என்று எனக்கு எரிச்சல்.

உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. 'இருந்தது' என்பதை அடித்துத் திருத்துகிறேன். இருக்கிறது.

சின்னச் சின்னதாகத் தொடங்கியது. நான் திருமயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கசங்கி வருவேன். நீ ஸ்கூட்டியில் தலை கலையாமல் வருவாய். நான் நூறு வரி நிரல் எழுதும் இடத்தில் நீ பதினைந்து வரி எழுதுவாய். அதையும் அழித்துப் பத்தாக்குவாய்.

பிறகு அந்தப் பூட்டு.

நாம் வேலை செய்த கோப்பு முறைமையில், அதாவது கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருளில், ஜர்னலுக்கு ஒரே பூட்டு. கணினியின் ஒரு வேலை எழுதி முடிக்கும்வரை மற்றவை வெளியே நிற்க வேண்டும். பத்திரமானது. மெதுவானது. அதை நான் எட்டாகப் பிரித்தேன். இரண்டு வேலைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததற்காக ஒன்றையொன்று பார்த்து நின்றன. கணினி உறைந்தது. எந்தப் பூட்டை முதலில் பிடிப்பது என்று ஒழுங்கு வைத்தேன். உறையவில்லை. பழையதைவிட மெதுவாக ஓடியது.

நான்கு மாதம்.

ஒரு மத்தியானம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாய்.

"போஸ்ட் ஆபீஸ்ல ஃபாரம் நெரப்புறவன கவுண்டர்லயே நிக்க வச்சு எழுதச் சொல்லுவாங்களாடி? டோக்கன குடுத்து அங்கிட்டுப் போயி எழுதச் சொல்லு. பூட்டு டோக்கனுக்கு மட்டும் போதும்."

சொல்லிவிட்டு உன் இடத்துக்குப் போய்விட்டாய். எழுதிக்கொடு என்று நான் கேட்கவில்லை. நீயாகவே மூன்று நாளில் எழுதினாய். எழுதும் வேகம் மூன்று மடங்கானது.

நம் வேலையில் ஒரு வழக்கம். யார் எழுதிய திருத்தமானாலும், இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரிபார்த்தேன்' என்று தன் பெயரைக் கீழே போட வேண்டும். பல ஊர்களிலிருந்து இதே மென்பொருளில் வேலை செய்பவர்களின் மின்னஞ்சல் குழுவில் எல்லோரும் என் பெயருக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பூட்டில் அதிக நாள் அடிபட்டவள் நான்தான்.

நான் குறை தேடினேன். கிடைத்தது. ஒரு நேரத்தில் ஒரே வேலை ஓடும் சிறிய கணினியில் பூட்டுக்குப் போட்டியிட ஆளே இல்லை. அங்கே டோக்கன் வாங்குவதே வீண் வேலை. பழைய முறையைவிடத் துளி மெதுவாகும். உண்மைதான். உன்னிடம் திரும்பிச் சொல்லியிருக்கலாம். குழுவுக்கே நீளமாக எழுதினேன், அட்டவணைகளோடு. கடைசி வரி: 'இந்நிலையில் இதை ஏற்கப் பரிந்துரைக்க இயலாது.'

நீ படித்தாய். நாற்காலியைத் திருப்பினாய்.

"ஏன்டி, நாலடி தள்ளி ஒக்காந்துக்கிட்டு எனக்கு மெயில் போடுற?"

"முறைப்படி…"

"முறைப்படியாம்ல! சரி, நீ சொன்னது சரிதான். பாக்குறேன். இன்னக்கி டீ ஒன் கணக்கு."

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். திருச்சி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். கடைசியாக நான் பார்த்தபோது, "அந்தச் சின்ன மெஷினு விசயம், முடிச்சுட்டேன்டி" என்றாய். "அத இப்ப எதுக்குப் பேசுற" என்றேன். என் பெயரைப் போடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

குழுவில் உன் இறப்பை நான் அறிவிக்கவில்லை. அதனால் போன வாரம் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் எனக்கு எழுதினார்: எழுதியவரிடமிருந்து பதிலே இல்லை. எல்லோருக்கும் இது தேவைப்படுகிறது. நீங்களே திரும்ப எழுதி, உங்கள் பெயரில் அனுப்ப முடியுமா?

மூன்று நாள் யோசித்தேன். என் நான்கு மாதமும் அதற்குள் இருக்கிறது என்று எனக்கே வாதாடினேன். முதல் வரியில் என் பெயரைப் போட்டும் பார்த்தேன். நன்றாக இருந்தது.

இன்று உன் லேப்டாப்பைத் திறந்தேன். நீ முடித்த இரண்டாம் வடிவம் இருந்தது. சிறிய கணினி என்றால் பழைய வழியிலேயே போகும். ஆறு வரி. பூட்டுக்கு மேலே ஒரு குறிப்பு. தமிழில் சொன்னால்:

'இது டோக்கன் எண்ணை மட்டும் காக்கிறது. சிறிய கணினியில் மெதுவாகும் என்று கண்டுபிடித்தவள்…' அங்கே என் பெயர். பிறகு, 'அவள் சொன்னது சரி.'

நான் உனக்காக இப்படி எழுதியிருக்க மாட்டேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

சோதனையைத் தொடங்கினேன். கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே பாக்ஸைப் பிடுங்கு. மாட்டு. கோப்புகளைப் பார். நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பாவது கெட்டுப்போகட்டும் என்று விரும்பினேன். கெடவில்லை. பெருவிரலில் உன் டேப்பின் பசை.

ஆவூர் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று உன் அம்மா உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்:

"ஒருத்திதான இருக்க. திட்டுறதுக்கு யாரு?"

மாட்டினேன். பிடுங்கினேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து அனுப்பினேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர். அதன் கீழே, சரிபார்த்தவளாக நான். பூட்டுக்கு மேலுள்ள குறிப்பில் என் பெயரை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். கூச்சம். ஆனால் எழுதியவள் நீ. கை வைக்கவில்லை. நீ இல்லை என்பதை மட்டும், இத்தனை நாள் எழுதாமல் விட்டதை, எழுத வேண்டும். நாளை எழுதுவேன்.

நீ எப்போதும் எழுதுவதுபோல, இப்போதெல்லாம் நானும் ஒவ்வொரு பூட்டுக்கு மேலும் அது எதைக் காக்கிறது என்று ஒரு வரி எழுதுகிறேன். உன் வரிகள் என்னுடையவற்றைவிடச் சின்னவை.

சற்று முன் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கீழே ஒரு வரி: 'மிக அழகான வேலை. அவரிடம் சொல்லிவிடுங்கள்.'

அதற்காகத்தான் இந்தக் கடிதம். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். மிக அழகான வேலைடி.